கை வருது

தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவார். அந்த அக்காவைப் பற்றி யாராவது என்னிடம் ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஓர் ஆலை. அதன் இரண்டாவது கேட்டில் அவர் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற பெண்களைத் தடவிச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. கேட்டை ஒட்டி, தகரம் அடித்த சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு திரை. நான் பொறியியல் முடித்த சூட்டோடு அங்கே லேபில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் அந்தத் திரைக்குள் நுழையும்போதே எனக்கு உடம்பு முறுக்கிக்கொண்டது. பரீட்சை ஹால்களில், மால்களில் எத்தனையோ பேர் என்னைச் சோதித்திருக்கிறார்கள். யாரிடமோ பேசிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மாவு பிசைகிற மாதிரி. இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கை வெக்கறேம்மா" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். நான் தலையாட்டிய பிறகுதான் தோளில் கை வந்தது. "இடுப்புல" என்றார். மறுபடி ஒரு மூச்சு நேரம் நின்றார். "கால்ல." பிறகு, "ஆச்சு, போ."

மொத்தம் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அறுபது பெண்களுக்கு அறுபது தடவை இப்படி நின்றால் வரிசை என்னாகும்? பின்னாலிருந்து கத்துவார்கள்.

"யக்கா, வெச்சுட்டுப் பேசேன்! பஸ்ஸு பூடும்!"

"கை வெக்கறேன், கால் வெக்கறேன்னு இன்னாக்கா நீ, கல்யாண ஊட்டு மேளம் மாதிரி நிறுத்தி நிறுத்தி?"

அவர் சிரிப்பார். வேகம் மட்டும் கூடாது. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். எனக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். "தினம் இதே ஆளுங்கதானேக்கா, ஒவ்வொரு தடவையும் எதுக்குச் சொல்லணும்?"

"ஒடம்பு உன்னுதா, என்னுதா?"

"என்னோடது."

"அப்ப நேத்து கேட்டது இன்னிக்கு செல்லுமா?"

அவ்வளவுதான் பதில். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருந்திருப்பார், அதற்கு மேல் இருக்காது. ஏஜென்சி கொடுத்த யூனிஃபார்ம் ஆம்பளை அளவு. சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வார். எங்களுக்கெல்லாம் 'கேட்டக்கா'. பெண்கள் கழிவறைக் கதவு திறந்தே கிடந்தாலும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். டீ கொண்டுவந்தால், "சூடா இருக்குது, வெக்கறேன்" என்று சொல்லித்தான் மேசையில் வைப்பார். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு மாதத்தில் அந்தக் குரலைக் கேட்டாலே தோள் தளர்ந்துவிடும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேட்டுக்கு உள்ளே, நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. எண் எழுதிய தகரத்துண்டுகளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். தினமும் காலையில் அவர்தான் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு நாளைக் கூட்டி மாட்டுவார். ஆயிரம் நாள் ஆனால் ஆளுக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு என்பதுதான் விஷயம். நிரந்தர ஆட்களுக்குக் கிடைப்பது எதுவும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடைக்காத இடத்தில், அந்தக் குக்கர் வெறும் குக்கர் இல்லை. எந்த மாடல், எத்தனை லிட்டர், மூடி உள்ளே போகுமா வெளியே போகுமா என்பதுவரை கேன்டீனில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

பலகை தொள்ளாயிரத்து நாற்பதில் இருந்தபோது அந்தக் குட்டி வந்தது.

வந்தது என்று சொல்வது தப்பு. ஸ்கிராப் யார்டில் ஒரு தொட்டிக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. மழைக்குப் பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்து தொட்டியைத் தூக்கியது, சரிந்தது, மறுபடி இறக்கினார்கள். நான்கு குட்டிகள் அதிலேயே போயின. ஐந்தாவது, இடுக்கில் மாட்டிக்கொண்டு கத்தியது. தோல் கையுறை போட்ட கைகள் இரண்டு மூன்று உள்ளே போய், பிடித்து, இழுத்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து வெளியே எடுத்தன. காப்பாற்றத்தான் எடுத்தார்கள். ஆனால் ஐந்து வாரக் குட்டிக்குக் காப்பாற்றும் கை எது, நசுக்கும் கை எது என்று எப்படித் தெரியும்? தாயை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

குட்டி கேட்டுப் பக்கம் ஓடிவந்து தகர அறையின் அடியில், செங்கல் சந்தில் புகுந்துகொண்டது. சோறு வைத்தால் தின்னும். கை நீண்டால் கடிக்கும். உறுமல், பல்லைக் காட்டுதல் எதுவும் கிடையாது. உடம்பு வெடவெடவென்று நடுங்கும், கண் வெள்ளையாகத் தெரியும், அடுத்த நொடி பல் இறங்கியிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு லாரி டிரைவருக்கு ஒன்று. தூக்கிக் கொஞ்சப் போன கேன்டீன் அண்ணனுக்கு, அவரும் கேட்டைத் தாண்டியிருந்தபோது, ஒன்று. இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். 'கடியன்' என்று பெயரும் வைத்தாயிற்று.

சேஃப்டி ஆபீசர் வந்து குனிந்து பார்த்துவிட்டு கேட்டக்காவிடம் சொன்னார்: "இதோ பாரும்மா. ஊசி போட்டு, கழுத்துல பெல்ட் கட்டி, சாதுவா இருந்துச்சுன்னா கேட்டுல ஒரு நாயி இருந்துட்டுப் போவட்டும். கேட்டுக்கு உள்ள ஒரு கடி விழுந்துதுன்னு வெச்சுக்க, அது விபத்து. பலகை ஜீரோ. அன்னிக்கே ஆளக் கூப்ட்டு ஹைவேல வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன். பேஜாரு நமக்கு வேணாம்."

ஹைவேயில் விட்ட குட்டி எத்தனை நாள் இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்கத்தா ரோட்டில் காலையில் போனால் பார்க்கலாம்.

வெறிநாய் தடுப்பூசி போட மூன்று மாதம் ஆக வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவர் பிடிக்க, இன்னொருவர் குத்த, குட்டி தாங்க வேண்டும். ஆக, ஏழு வாரம் இருந்தது. கைக்குப் பயப்படுகிற குட்டியைக் கைக்குப் பழக்க வேண்டும். கேட்டக்கா எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

நான் விடுவேனா? அன்றிரவே உட்கார்ந்து பதினைந்து வீடியோ பார்த்துவிட்டேன். மறுநாள் ஷிப்டுக்கு முன்னாலேயே போய் நின்றேன். "அக்கா, பிடரியைப் பிடிச்சு மல்லாக்கப் போட்டு, அடங்கற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணுமாம். நாமதான் பாஸ்னு அதுக்குப் புரியணும்."

அவர் செங்கல் சந்தையும் என்னையும் பார்த்தார். "பெருச்சாளி சைஸுல கீது. அதுக்கு எதுக்குடி பாஸு?"

அவர் செய்தது வீடியோ எடுக்கிற மாதிரி எதுவும் இல்லை. சந்துக்குப் பக்கத்தில், குட்டிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடுவார். இட்லியில் ஒரு துண்டைப் பின்னால் போடுவதற்கு முன், "கை வருது" என்பார். துண்டு விழும். "கை போவுது" என்பார். கை மடிக்குத் திரும்பிவிடும். இரண்டு வாரம் இவ்வளவே. பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்தார். கை, துண்டைப் போடாமல் தரையில் ஏந்தி நின்றது. ஸ்கிராப்பிலிருந்து ஒரு பழைய தோல் கையுறையை எடுத்துவந்து கழுவி, தின்னும் தட்டுக்கு நாலடி தள்ளிப் போட்டார். அது தினம் ஒரு விரற்கடை நகர்ந்து, கடைசியில் தட்டு கையுறை மேலேயே உட்கார்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "கை வருது" என்று சொன்ன பிறகு குட்டி முகத்தைத் திருப்பினாலோ, நாக்கால் மூக்கை நக்கினாலோ, கை அங்கேயே நின்று திரும்பிவிடும். தின்பண்டம் மட்டும் எப்படியும் விழும்.

"வேணாம்னு சொன்னதுக்கும் இட்லியாக்கா?"

"வேணாம்னு வாயால சொல்லிச்சு பாரு, பல்லால சொல்லாம. அதுக்குத்தான்."

ஐந்தாவது வாரம், அவர் சொன்னதும் குட்டி சந்திலிருந்து வெளியே வந்து, அவர் உள்ளங்கையில் தாடையை வைத்தது. ஒரு நொடி. நான் கத்தியிருப்பேன், அவர் ஒரு பார்வை பார்த்தார், அடக்கிக்கொண்டேன்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

ஒரு சம்பள நாள். கேட்டில் கூட்டம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன், நல்ல மனிதர், பின்னாலிருந்து வந்து அவர் தோளில் விளையாட்டாகத் தட்டி, "இன்னா கேட்டு, குக்கருல மொதல்ல இன்னா வேக வெப்ப?" என்றார். கேட்டக்கா திரும்பிய வேகத்தை நான் பார்த்தேன். கையில் இருந்த லத்தி அண்ணன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எப்படி நிறுத்தினாரோ தெரியவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை.

"சாரிக்கா... நான் சும்மா..." என்றார் அண்ணன். தன்னைவிடச் சின்னவரை அக்கா என்றார்.

கேட்டக்கா தகர அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, "கை வெக்கறேம்மா" என்று ஆரம்பித்தார். எதையும் கேட்டுவிடுகிற நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

பலகை தொள்ளாயிரத்து எண்பத்தேழு. ஊசிக்கு இன்னும் ஒரு வாரம்.

மதியச் சாப்பாட்டு நேரம். கேட்டக்கா பதிவேட்டோடு ஆபீசுக்குப் போயிருந்தார். குட்டி, கேட்டுக்கு உள்ளே, அறை நிழலில் படுத்திருந்தது. எனக்கு ஒரு யோசனை. கடியன் சாதுவாகிவிட்டான் என்று ஒரு வீடியோ எடுத்து எங்கள் குரூப்பில் போட்டால், குக்கர் போய்விடுமோ என்று முணுமுணுக்கிறவர்கள் எல்லாரும் அடங்குவார்கள். கூட வேலை செய்கிற பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முறை தெரியும். ஆறு வாரமாகப் பார்த்திருக்கிறேன்.

"கை வருது" என்றேன்.

குட்டி என்னைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கை நக்கியது.

போன் ஓடிக்கொண்டிருந்தது. "கை வருது, கை வருது" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டே நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பற்கள் ஒன்றோடொன்று சந்தித்ததாகவே தோன்றியது. நான் உதற, குட்டி சிமெண்டில் விழுந்து, கத்தி, சந்துக்குள் போனது. இரத்தம் முழங்கைவரை வழிந்தது.

கேட்டக்கா ஓடிவந்தார். குழாயடிக்குக் கூட்டிப் போய், "தண்ணி ஊத்தறேன். எரியும்" என்று சொல்லி, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் ஓடவிட்டார். அதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். என் காயத்தைவிட எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது பலகைதான். எனக்கும்தான்.

"அக்கா, கேட்டுக்கு வெளியன்னு எழுதிடுங்க" என்றேன். "நாலடிதானே. வெளியன்னா விபத்துல வராது. குட்டிக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆமாக்கா, நாலடி! எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றாள் போன் பிடித்தவள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். "நாலடி உள்ளதான் நடந்துச்சு. உள்ளன்னு எழுதுனாத்தான் கம்பெனி வண்டில ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். நாலு ஊசிக்கும் லீவு குடுப்பான். கடிச்சது எங்கேன்னு மாத்தி எழுதுனா, நாளைக்கு வேற எதுவும் ஆச்சுன்னா யாருடி பதில் சொல்றது?"

காரணம் என்ற கட்டத்தில் மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன். 'நாய் முகத்தைத் திருப்பி வேண்டாம் என்று காட்டியது. அதன் பிறகும் தூக்கியதால் கடித்தது.'

எனக்கு வலியைவிட அது சுட்டது. என் கை கிழிந்து தொங்குகிறது, என் மேலேயே குற்றம் எழுதுகிறாரே என்று. அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறினேன். சேஃப்டி ஆபீசர் அதைப் படித்துவிட்டு, "இன்னாம்மா இது, நாயிக்கு வக்கீலா நீ?" என்று கேட்டாராம். நாளை சாயங்காலம் நாலரைக்குள் குட்டி போயாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வருவான் என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை ஸ்டூல் போட்டு, மூன்று தகரத்தையும் கழற்றி, மூன்று பூஜ்யத்தைக் கேட்டக்காவே மாட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ விசிலடித்தான். மதியம் இரண்டரைக்குச் சோதனை வரிசையில் யாரும் பஸ் போகிறது என்று கத்தவில்லை. அதுதான் மோசம். "கை வெக்கறேம்மா" என்று அவர் சொன்னதும், எனக்கு முன்னால் நின்றவள் கையை விரித்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாக்கா தேடற, குக்கரா?"

கேட்டக்கா அவள் தலையாட்டும்வரை நின்றார். பிறகு சோதித்து, "ஆச்சு, போ" என்றார்.

என் முறை வந்தபோது கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லக்கா."

"வலிக்கும்."

குட்டியை ஆரம்பாக்கத்துக்குத் தன் வீட்டுக்கே எடுத்துப்போவதாக முடிவு செய்திருந்தார். ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ஷேர் ஆட்டோ. தெரிந்தவர்தான் டிரைவர். பெட்டியைச் சந்துக்கு எதிரில் சாய்த்து வைத்துவிட்டு, கேட்டக்கா தரையில் உட்கார்ந்து எப்போதும்போலச் சொன்னார்: "கை வருது."

உள்ளேயிருந்து ஓர் ஒலி வந்தது. உறுமல். ஏழு வாரத்தில் அந்தக் குட்டி அவரைப் பார்த்து உறுமியதே இல்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்: "நீ தூக்கறப்ப இதச் சொல்லிக்கினேவா தூக்குன?"

நான் தலையாட்டினேன். அந்த இரண்டு சொல்லும் கெட்டுப்போயிருந்தன. வரும் என்று சொன்ன கை, வேண்டாம் என்றாலும் வந்துவிட்டது. இனி அந்தச் சொல் அதற்கு எச்சரிக்கை மட்டும்தான். சொல்லாமல் தூக்கியிருந்தால்கூட இவ்வளவு பாழாகியிருக்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிழிந்த என் கைக்கு ஊசி இருந்தது. இதற்கு எந்த ஆஸ்பத்திரி?

"யக்கா, கோணிய போட்டு அமுக்கித் தூக்கிப் போட்டுக்கினு வா. ரெண்டு நிமிசம்" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ போ நைனா. லேட்டாவும்."

"இன்னா போ? ஒன்ன வுட்டுட்டுப் போவனா? இருக்கேன்" என்று அவர் வண்டியிலேயே காலை நீட்டிக்கொண்டார்.

கேட்டக்கா அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை. பெட்டிக்குள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் மடிக்குள் ஒளித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் வாரத்தில் உட்கார்ந்த அதே இடம். ஏஜென்சி சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஹைவேயில் விட வேண்டிய ஆளும் வந்துவிட்டான். கோணியோடு கேட்டுக்கு வெளியே நின்று பீடி பிடித்தான். மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. நான் எழுந்து எதையாவது செய்துவிடத் துடித்தேன். பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம், பின்னாலிருந்து ஒரு குச்சியால் தள்ளலாம். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்கு முன்னால் குட்டி தலையை நீட்டியது. அவர் முதுகைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. உள்ளே போய்த் தின்றது. தின்று முடித்து, வெளியே வரலாமா என்று நின்றது, வரவில்லை. படுத்தது. மூடியை அவர் ஒவ்வொரு மடிப்பாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி மூடினார். கோணிக்காரன் பீடியை அணைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அடுத்த நாள் கேட்டில் வேறு ஒரு அம்மா இருந்தார். ஏஜென்சி கேட்டக்காவைப் புதுவாயல் பக்கம் ஒரு கோடவுனுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து எப்படியோ நம்பர் வாங்கிப் பேசினேன். மன்னிப்பு கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயில் அது வரவில்லை. "குட்டி எப்படி இருக்குக்கா? ஊசி போட்டாச்சா?"

"ஆச்சு. ஊட்டுக்கே டாக்டர வரவெச்சேன். அவரயும் தரையில ஒக்கார வெச்சுட்டேன், ஒரு மணி நேரம். திட்டிக்கினேதான் இருந்தாரு பாவம்." சிரித்தார்.

"கடிக்குதா?"

"கடிக்கல. ஆனா கையப் பாத்தா நின்னு யோசிக்குது. முன்ன யோசிக்காம வந்துச்சே, அது இல்ல."

"இப்ப என்ன சொல்லிட்டுக் கையை நீட்டறீங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல. கையத் தரையில வெச்சுட்டு ஒக்காந்துக்கினு இருக்கேன். வந்தா வருது."

எனக்கு அழுகை வந்தது. "ஞாயித்துக்கிழமை வரட்டுமாக்கா? ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் ஒரு ரயில் கடந்து போனது கேட்டது.

"இப்ப வேணாம்டி" என்றார். குரலில் கடுமை இல்லை. "உன் வாசன அதுக்கு ஞாபகம் இருக்கும். நானே சொல்றேன்."

அதற்குப் பிறகு நான் வேலை மாறி ஒரகடம் போய்விட்டேன். ஆரம்பாக்கம் இங்கிருந்து இரண்டரை மணி நேரம். ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் இன்னும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.